மூன்று ரயில் பெட்டி இடம்: பிரேக் போட்டால் வண்டி எங்கே நிற்கும்?

போன மாதம் அக்கா மகனோடு திருச்சியிலிருந்து விழுப்புரம் வரை காரில் போனேன். லைசென்ஸ் வாங்கி நான்கு மாதம்தான் ஆகிறது, அவன்தான் ஓட்டினான். நன்றாகவே ஓட்டுகிறான். கியர் மாற்றுவதே தெரியவில்லை, இண்டிகேட்டரை மறப்பதில்லை. பாடாலூர் தாண்டியதும் ஓர் ஆம்னி பஸ்ஸின் பின்னால் எண்பதில் ஒட்டிக்கொண்டே போனான். பஸ்ஸின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்த போன் நம்பரை முன் சீட்டில் இருந்தபடியே என்னால் படிக்க முடிந்தது.

"மாப்ளே, பஸ்ஸுக்கும் நமக்கும் நடுவுல எவ்வளவு இடம் இருக்கும்?"

"நாப்பது அடி இருக்கும் மாமா."

"பஸ் இப்ப சடார்னு நின்னா?"

"நானும் பிரேக் போடுவேன். புது வண்டி மாமா, நச்சுன்னு நிக்கும்."

அவனைக் குறை சொல்ல முடியாது. இருபது வருடம் ஓட்டியவர்களைக் கேட்டாலும் இதே பதில்தான் வரும். பிரேக் நன்றாக இருந்தால் வண்டி நின்றுவிடும் என்பது நம் எல்லோருக்கும் ஊறிப்போன நம்பிக்கை. லைசென்ஸ் வாங்கும்போது எட்டு போடச் சொல்கிறார்கள், ரிவர்ஸ் எடுக்கச் சொல்கிறார்கள். பிரேக்கை மிதித்த பிறகு வண்டி எத்தனை மீட்டர் ஓடி நிற்கும் என்று என்னை யாரும் கேட்டதில்லை, அவனையும் கேட்கவில்லை. அந்தக் கணக்குக்கு 'நிற்கும் தூரம்' என்று பெயர். பள்ளிக்கூடக் கணக்கு தெரிந்தாலே போதும், புரிந்துவிடும்.

முதலில் வேகத்தை வேறு விதமாகப் பார்க்கப் பழக வேண்டும். மீட்டரில் எண்பது என்று காட்டினால், ஒரு மணி நேரத்தில் எண்பது கிலோமீட்டர் போகலாம் என்று எடுத்துக்கொள்கிறோம். ஊர் போய்ச் சேரும் நேரத்தைச் சொல்ல அது உதவும். ஆபத்து வரும்போது நம் கையில் இருப்பது ஒன்றிரண்டு வினாடிதான், அதனால் வினாடிக்கு எத்தனை மீட்டர் என்று தெரிய வேண்டும். கி.மீ. வேகத்தை 3.6 ஆல் வகுத்தால் அது கிடைத்துவிடும். எண்பதை வகுத்தால் 22 மீட்டர். நம் பழைய நீல நிற ரயில் பெட்டி ஒன்றின் நீளம் ஏறக்குறைய அதுதான். எண்பதில் போகும் கார் ஒவ்வொரு வினாடியும் ஒரு ரயில் பெட்டி தூரத்தை விழுங்கிக்கொண்டே போகிறது.

மாப்பிள்ளை சொன்ன நாற்பது அடி என்பது 12 மீட்டர், பெட்டியில் பாதிதான். அரை வினாடியில் கடந்துவிடும் இடம்.

அந்த அரை வினாடிக்குள் என்ன நடக்க வேண்டும் என்று பாருங்கள். பஸ்ஸின் சிவப்பு விளக்கு எரிகிறது. கண் அதைப் பார்க்க வேண்டும். சும்மா லேசாகத் தொட்டிருக்கிறாரா, ஒரேயடியாக மிதித்துவிட்டாரா என்று மூளை முடிவு செய்ய வேண்டும். வலது கால் ஆக்சிலேட்டரை விட்டு எழுந்து, பிரேக் பெடலுக்கு நகர்ந்து, அழுத்த வேண்டும். சாலையையே பார்த்துக்கொண்டு கவனமாக ஓட்டுகிறவருக்குக்கூட இது முடிய ஒன்று முதல் ஒன்றரை வினாடி ஆகும். பக்கத்தில் இருப்பவரிடம் பேசிக்கொண்டோ, பாட்டை மாற்றிக்கொண்டோ இருந்தால் இன்னும் கூடும். ஒன்றரை வினாடி என்றே வைத்துக்கொள்வோம். எண்பதில் அது 33 மீட்டர். அந்த 33 மீட்டரும் வண்டி பழைய வேகத்திலேயே ஓடுகிறது, பிரேக்குக்கு அதில் வேலையே கிடையாது. புது வண்டியோ பழைய வண்டியோ, விலை ஐந்து லட்சமோ ஐம்பது லட்சமோ, இந்தத் தூரம் ஒன்றுதான். இது ஓட்டுநருடைய தூரம்.

அதற்குப் பிறகு ஆரம்பிப்பதுதான் வண்டியுடைய தூரம். காய்ந்த நல்ல தார் ரோடு, தேயாத டயர், பிரேக்கை முழு பலத்தோடு மிதிக்கிறோம் என்று வைத்துக்கொண்டால், எண்பதில் வரும் கார் நிற்க இன்னும் சுமார் 35 மீட்டர் எடுக்கும். இரண்டையும் சேர்த்தால் 68 மீட்டர், மூன்று ரயில் பெட்டிக்கும் கொஞ்சம் மேல். பஸ் ஏதாவது ஒன்றின் மேல் மோதி அதே இடத்தில் நின்றுவிட்டால், நாங்கள் விட்டிருந்த இடம் அரைப் பெட்டி, தேவைப்பட்டதோ மூன்று பெட்டி.

இந்த இரண்டாவது பகுதியில் ஒரு விஷயம் இருக்கிறது, அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்காகிறது. ஓடும் வண்டிக்குள் இருக்கும் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, அவ்வளவு ஆற்றலையும் பிரேக்கும் டயரும் சூடாக்கித் தீர்த்தாக வேண்டும், அதனால்தான். நாற்பதில் 9 மீட்டரில் நிற்பது எண்பதில் 35 மீட்டர் கேட்கிறது. நூறில் 55. ஒன்றரை வினாடிக் கணக்கையும் சேர்த்தால் அறுபதில் 45 மீட்டர், எண்பதில் 68, நூறில் 97.

"அறுபதுக்கும் எண்பதுக்கும் என்னங்க பெரிய வித்தியாசம்?" என்பதை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். வித்தியாசம் இதுதான். இரண்டு கார்கள் பக்கத்துப் பக்கத்து லேனில் வருகின்றன, ஒன்று அறுபதில், இன்னொன்று எண்பதில். சரியாக 45 மீட்டர் முன்னால் ஒரு மாடு குறுக்கே வந்து நிற்கிறது. இரண்டு பேரும் ஒரே நொடியில் அதைப் பார்க்கிறார்கள், ஒரே நொடியில் பிரேக் மிதிக்கிறார்கள். அறுபதில் வந்த கார் மாட்டின் மூக்குக்கு முன்னால் நின்றுவிடுகிறது. அதே இடத்தில் எண்பதில் வந்த கார் என்ன வேகத்தில் இருக்கும்? இருபது கி.மீ. கூடுதலாக வந்தார், அதனால் இருபதில் இடிப்பார் என்றுதான் மனம் சொல்கிறது. கணக்குப் போட்டால் 65 வருகிறது. முதல் 33 மீட்டர் யோசிப்பதிலேயே போய்விட்டது, பிரேக்குக்கு மிஞ்சியது 12 மீட்டர்கூட இல்லை. முதல் தடவை இந்தக் கணக்கைப் போட்டபோது எங்கேயோ தப்பு விட்டுவிட்டேன் என்று மறுபடியும் போட்டுப் பார்த்தேன். அதே விடைதான் வந்தது.

ஊருக்குள்ளும் இதே கதைதான். ஐம்பதில் வருகிறவர் நின்றுவிடும் இடத்தில், அறுபதில் வருகிறவர் 43 கி.மீ. வேகத்தில் இருப்பார். பள்ளிக்கூட வாசலில் அந்தப் பத்து கி.மீ.தான் ஒரு குழந்தை பயந்துபோவதற்கும் தூக்கி எறியப்படுவதற்கும் நடுவே இருக்கிறது. அதில் மிச்சமாகும் நேரம் எவ்வளவு என்றால், ஒரு கிலோமீட்டருக்குப் பன்னிரண்டு வினாடி.

நான் சொன்ன தூரமெல்லாம் நல்ல நிலைமைக்கு. நம் சாலைகளை வடிவமைக்கும் பொறியாளர்கள் இதைவிடப் பெருந்தன்மையாகக் கணக்குப் போடுகிறார்கள். சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸ் வகுத்த தரத்தில் ஓட்டுநர் சுதாரிக்க 2.5 வினாடி கொடுத்திருக்கிறார்கள், பிடிமானத்தையும் குறைத்தே எடுத்திருக்கிறார்கள். அதன்படி எண்பதில் 120 மீட்டரும், நூறில் 180 மீட்டரும் முன்னால் தடையின்றித் தெரிய வேண்டும். நெடுஞ்சாலை ஓரத்தில் கிலோமீட்டர் கல்லுக்கு நடுவே குட்டிக் கற்கள் நட்டிருப்பார்கள், 200 மீட்டருக்கு ஒன்று. நூறில் போகும்போது ஒரு குட்டிக் கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் நடுவே உள்ள இடம் கிட்டத்தட்ட முழுவதும் வேண்டும் என்பது பொறியாளர் கணக்கு.

சட்டமும் சும்மா இல்லை. முன்னால் போகும் வண்டி திடீரென்று வேகம் குறைத்தாலோ நின்றாலோ மோதாத அளவுக்கு இடம் விட்டுத்தான் பின்னால் வர வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டின் சாலை விதிகளிலேயே இருந்தது, 2017-இல் அவற்றுக்குப் பதிலாக வந்த விதிகளிலும் இருக்கிறது. எத்தனை மீட்டர் என்று மட்டும் அந்தப் பழைய விதியில் இல்லை. 2018 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. முன்னால் போன லாரி சடாரென்று நிற்க, பின்னால் வந்த கார் மோதியது. லாரிக்கும் காருக்கும் நடுவே இருந்தது பத்துப் பதினைந்து அடி. அது பாதுகாப்பான தூரமே இல்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. "அவன்தான் சடன் பிரேக் போட்டான்" என்று பின்னால் வந்தவர் சொல்லும் வாதம் எவ்வளவு பலவீனமானது என்பது இதில் தெரியும்.

2022-இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அந்த வருட விபத்துகளில் ஐந்தில் ஒன்றுக்கு மேல் பின்னாலிருந்து மோதியவை. முன்னால் வண்டி போவது தெரிந்தே, அதைப் பார்த்துக்கொண்டே வந்து மோதியவை அவற்றில் எத்தனையோ. இடம் இருந்திருந்தால் தவிர்த்திருக்கலாமே என்பதுதான் மனதை அறுக்கிறது.

சரி, 68 மீட்டரை ஓடுகிற வண்டியில் உட்கார்ந்து அளக்க முடியுமா? முடியாது. அதற்குத்தான் வினாடிக் கணக்கு. முன்னால் போகும் வண்டியின் பின்பக்கம் ஏதாவது ஒரு அடையாளத்தைத் தாண்டட்டும்: குட்டிக் கல், பாலத்தின் தொடக்கம், மரத்தின் நிழல், எதுவானாலும் சரி. தாண்டிய உடனே மனதுக்குள் "ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு, ஆயிரத்து மூன்று" என்று அவசரப்படாமல் சொல்லுங்கள். ஒவ்வொன்றும் சுமாராக ஒரு வினாடி. மூன்றும் சொல்லி முடித்த பிறகு நம் வண்டி அந்த அடையாளத்தைத் தொட்டால் போதுமான இடம் இருக்கிறது. "ஆயிரத்து ஒன்று" முடிவதற்குள் தொட்டுவிட்டால் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்க வேண்டியதுதான். எண்பதில் மூன்று வினாடி என்பது 67 மீட்டர், நாம் போட்ட கணக்கோடு கிட்டத்தட்ட அப்படியே பொருந்துகிறது. வேகம் கூடினால் மீட்டரும் தானாகக் கூடிக்கொள்ளும். நூறைத் தொட்டால் நான்காக்கிக்கொள்ளுங்கள், மழையில் ஐந்து ஆறு. ஊருக்குள் முப்பது நாற்பதில் போகும்போது இரண்டு வினாடியாவது இருக்கட்டும்.

இதைச் சொன்னவுடன் எல்லோரும் சொல்வது ஒன்றுதான். மாப்பிள்ளையும் சொன்னான்: "கேப் விட்டா எவனாவது உள்ள பூந்துடுவான் மாமா." உண்மை. பூந்துவிடுவார்கள். பூரட்டும். காலை லேசாக எடுத்தால் மறுபடியும் மூன்று வினாடி இடம் கிடைத்துவிடும். ஒரு ஆள் நுழைந்தால் நமக்கு நஷ்டம் மூன்று வினாடி. விழுப்புரம் போவதற்குள் இருபது பேர் நுழைந்தாலும் மொத்தம் ஒரு நிமிடம். டோல்கேட் வரிசையில் இதைவிட அதிக நேரம் நிற்கிறோம்.

இன்னொரு வாதமும் உண்டு, அது புத்திசாலிகள் சொல்வது. முன்னால் போகும் வண்டியும் பிரேக் போட்டுத்தானே நிற்கும், அதற்கும் அதே 35 மீட்டர் ஆகுமே, நமக்கு எதற்கு முழு மூன்று பெட்டி இடம்? முன் வண்டி பிரேக் போட்டு நின்றால் இது சரிதான். ஆனால் அது எதன் மேலாவது மோதினால் ஒரே இடத்தில் நின்றுவிடும். அதைவிட மோசம், அது நிற்காமல் விலகிவிடுவது. பஸ்ஸின் பின்னால் ஒட்டிக்கொண்டு போகும்போது நமக்குத் தெரிவது பஸ் மட்டும்தான். பஸ் டிரைவர் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறார், ஓரத்தில் பழுதாகி நிற்கும் லாரியைத் தூரத்திலேயே பார்த்து, கடைசியில் நிதானமாக வலது பக்கம் ஒதுங்குகிறார். திரை விலகியதுபோல நம் முன்னால் ஒரு லாரியின் பின்பக்கம். பஸ் நமக்கு எச்சரிக்கையாக ஒரு பிரேக் லைட்டைக்கூடக் காட்டியிருக்காது.

அந்த லாரிகளைப் பற்றிச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. வண்டி நின்றுவிட்டால் பிரதிபலிக்கும் முக்கோணத்தைப் பின்னால் வைக்க வேண்டும். நம் பக்கம் பலர் செய்வது, வேப்பங்கிளையை ஒடித்து லாரியின் பின்னால் செருகுவதும், பத்தடி தள்ளி நான்கு கல்லை வைப்பதும். பகலில் அது புரியும். இரவு இரண்டு மணிக்கு, லோ பீமில், கிளை என்று தெரியும்போது லாரியே வந்துவிடும். பத்தடி தள்ளி வைக்கும் அடையாளம், நிற்க எழுபது மீட்டர் தேவைப்படுகிறவருக்கு என்ன உதவி செய்யும்? ஐம்பது மீட்டராவது பின்னால் நடந்து போய் வைக்க வேண்டும். கார் வைத்திருப்பவர்களும் டிக்கியில் அந்த முக்கோணம் இருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்துவிடுவது நல்லது.

இரவு ஓட்டுவதற்கும் இதே கணக்குதான். லோ பீமில், கருப்புச் சட்டை போட்டு நடந்து போகிற ஒருவர் நம் கண்ணில் படுவது பெரும்பாலும் ஐம்பது மீட்டருக்குள் வந்த பிறகுதான். எண்பதில் நிற்க 68 வேண்டும். அப்படியானால் இருட்டு ரோட்டில் லோ பீமோடு எண்பதில் போகிறவர், பார்த்தபின் நிற்க முடியாத வேகத்தில்தான் போகிறார். தைப்பூசத்துக்குப் பழனிக்கும், பூச்சொரிதலுக்குச் சமயபுரத்துக்கும் விடிய விடிய நடந்து போகிறவர்கள் இருக்கும் ஊர் இது. முதுகில் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் வெகு தூரத்திலேயே தெரிகிறார்கள். ஒட்டாதவர்களும் நம்மை நம்பித்தான் நடக்கிறார்கள். அந்த நாட்களில் அந்தச் சாலைகளில் ஐம்பதுக்கு மேல் போகக் கூடாது என்பது நானாக வைத்துக்கொண்ட கட்டுப்பாடு.

"ஏ.பி.எஸ். இருக்கு, கவலை இல்லை" என்பது அடுத்த நம்பிக்கை. 2019 ஏப்ரலிலிருந்து விற்கும் எல்லாப் புதுக் கார்களிலும் அது கட்டாயம், நல்ல விஷயம். ஆனால் அதன் வேலை என்ன? முழு பலத்தோடு மிதிக்கும்போது சக்கரம் சுழலாமல் இறுகிப்போய்ச் சறுக்குவதைத் தடுப்பது. சக்கரம் சுழன்றுகொண்டே இருந்தால்தான் ஸ்டீயரிங் பேச்சைக் கேட்கும், பிரேக் பிடித்தபடியே விலகிப் போக முடியும். காய்ந்த ரோட்டில் நிற்கும் தூரம் அதனால் பெரிதாகக் குறைந்துவிடாது, ஜல்லி கொட்டிய ரோட்டில் கொஞ்சம் கூடவும் செய்யலாம். ஏ.பி.எஸ். வேலை செய்யும்போது பெடல் காலுக்கடியில் கடகடவென்று அதிரும். முதல் தடவை அதை உணர்கிறவர்கள் ஏதோ உடைந்துவிட்டது என்று பயந்து காலை எடுத்துவிடுகிறார்கள். எடுக்கக் கூடாது, இன்னும் அழுத்த வேண்டும். ஆளில்லாத ஒரு மைதானத்தில், தெரிந்தவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நாற்பதில் ஒரு தடவை முழு பிரேக் போட்டுப் பாருங்கள். அந்த அதிர்வு காலுக்குப் பழகிவிடும்.

கடைசியில் வண்டியை நிறுத்துவது டயர். ஒரு டன் எடையுள்ள கார் ரோட்டைத் தொடும் இடம் ஒரு டயருக்கு ஓர் உள்ளங்கை அளவுதான், மொத்தம் நான்கு உள்ளங்கை. டயரில் பட்டன் என்று சொல்கிறோமே, அதன் நடுவே இருக்கும் பள்ளங்கள் மழைத் தண்ணீரை ஒதுக்கித் தள்ளுவதற்காக இருக்கின்றன. பட்டன் தேய்ந்தால் தண்ணீர் ஒதுங்க வழி இல்லாமல் டயர் அதன் மேலேயே மிதந்து போகும். பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டராகும்போது டயரை மாற்ற வேண்டும். அளக்கக் கருவி தேவையில்லை, பள்ளத்துக்குள்ளேயே குறுக்கே சின்ன ரப்பர் மேடு வைத்திருப்பார்கள். மேடும் பட்டனும் ஒரே மட்டத்துக்கு வந்துவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. கோடைக்குப் பிறகு வரும் முதல் மழையில் இன்னும் கவனம் வேண்டும். மாதக்கணக்கில் ரோட்டில் படிந்த எண்ணெயும் தூசியும் முதல் தூறலில் குழம்பாகிவிடும். நன்றாகப் பெய்து கழுவிவிட்டபிறகு பரவாயில்லை, அந்த முதல் அரை மணி நேரம்தான் வழுக்கும்.

லாரி, பஸ்ஸுக்கு முன்னால் சட்டென்று குறுக்கே நுழைகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அவற்றில் இருப்பது ஏர் பிரேக். பெடலை மிதித்ததும் குழாய் வழியாகக் காற்று ஓடிப்போய்ச் சக்கரத்தைப் பிடிக்கக் கொஞ்சம் நேரம் ஆகும். பாரம் வேறு. அந்த டிரைவர் தன் பிரேக்கின் குணம் தெரிந்துதான் முன்னால் இடம் விட்டு வருகிறார். அதைக் காலி இடம் என்று நினைத்து நாம் புகுந்துகொள்கிறோம். இறக்கத்தில் நிலைமை இன்னும் கடுமை. தர்மபுரி, சேலம் நடுவே தொப்பூர் கணவாயில் எத்தனை விபத்துகள். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்கினால் எஞ்சின் இழுத்துப் பிடிக்கும் பலம் போய்விடும், மொத்தப் பாரத்தையும் பிரேக்கே தாங்கிச் சூடாகி, ஒரு கட்டத்தில் பிடிக்காமலே போய்விடும். இது காருக்கும் பொருந்தும். ஏறிய கியரிலேயே இறங்குங்கள்.

நமக்குப் பின்னால் ஒருவர் ஒட்டிக்கொண்டு வந்தால்? ஹை பீம் அடித்து அவசரப்படுத்துவார், நமக்கும் எரிச்சல் வரும், வேகத்தைக் கூட்டத் தோன்றும். அப்போது முன்னால் இருக்கும் இடத்தை இன்னும் பெரிதாக்குங்கள், மூன்றை ஐந்தாக்குங்கள். ஏதாவது நேர்ந்தால் மெல்ல மெல்ல பிரேக் பிடிக்க நமக்கு இடம் இருக்கும், அதனால் பின்னால் வருகிறவருக்கும் நேரம் கிடைக்கும். வழி இருந்தால் இடது பக்கம் ஒதுங்கி அவரை விட்டுவிடலாம்.

அன்றைக்கு இதில் பாதியைத்தான் வண்டியில் சொன்னேன், ஓட்டுகிறவனிடம் அதிகம் பேசக் கூடாது. தொழுதூர் தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தி, பில் அட்டையின் பின்பக்கத்தில் அந்த 65 கணக்கைப் போட்டுக் காட்டினேன். அவனே போனை எடுத்து ஒரு தடவை போட்டுப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. மறுபடியும் கிளம்பி உளுந்தூர்பேட்டையை நெருங்கும்போது, ஒரு டேங்கர் லாரியின் பின்னால் வந்துகொண்டிருந்தோம். பாலத்தின் கைப்பிடியை டேங்கர் தாண்டியது. "ஆயிரத்து ஒண்ணு, ஆயிரத்து ரெண்டு..." என்று அவன் உதடு அசைந்தது. மூன்று வருவதற்கு முன்னாலேயே பாலம் வந்துவிட்டது. ஆக்சிலேட்டரிலிருந்து கால் எழுந்தது, டேங்கர் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறிதானது. இடது பக்கமிருந்து ஒரு வெள்ளை கார் வந்து அந்த இடத்தில் நுழைந்தது. மாப்பிள்ளை என்னைத் திரும்பிப் பார்க்காமல் முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தான்.